பென்சில் ஆண் கையில். தூரிகை பெண் கையில்!

கார்ட்டூன் படங்களில் கதாநாயகி ஏன் தூங்கிக்கொண்டே இருந்தாள்?

1938-ம் ஆண்டு, ஜூன் மாதம்.

அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் என்ற மாநிலத்தில் வசித்த ஓர் இளம்பெண்ணுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, ஹாலிவுட் நகரில் இருந்த வால்ட் டிஸ்னி கம்பெனி. மிக்கி என்ற சுண்டெலியைப் படைத்து உலகத்தையே சிரிக்க வைத்தது இந்தக் கம்பெனிதான்.

அந்தப் பெண்ணுக்குப் படம் வரையத் தெரியும். கார்ட்டூன் வரையும் பயிற்சியில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில்.

கடிதம் மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் விஷயம் இதுதான்:

கற்பனை செய்து படம் வரையும் வேலையைப் பெண்கள் செய்வதில்லை. அது முழுக்க முழுக்க இளைஞர்களின் வேலை. ஆகையால் பயிற்சியில் பெண்களைச் சேர்ப்பதில்லை. பெண்களுக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. ஆண்கள் வரைந்த கோட்டை மையால் பிரதி எடுக்க வேண்டும். அதற்குள் சொன்னபடி வண்ணம் பூச வேண்டும். அந்த வேலைக்கும் ஏகப்பட்ட போட்டி. அதை நம்பி ஹாலிவுட்டுக்கு ரயில் ஏற வேண்டாம்!

கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் யார் தெரியுமா? அவரும் ஒரு பெண்!

கடிதத் தாளில் ஒரு படம் அச்சிட்டிருந்தார்கள். அது ஸ்நோ ஒயிட்டின் படம். ஆறு மாதங்களுக்கு முன்புதான், 1937 டிசம்பர் 21-ந் தேதி, "ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்" வெளியாகி இருந்தது. டிஸ்னி எடுத்த முதல் முழு நீளக் கார்ட்டூன் படம். கதாநாயகி ஒரு பெண். அவளை நம்பித்தான் கம்பெனி சுமார் 15 லட்சம் டாலர் கொட்டி இருந்தது.

காகிதத்தில் வரைந்த பெண்ணுக்கு ஸ்டூடியோவில் முதல் இடம். வரையத் தெரிந்த பெண்ணுக்கு இடம் இல்லை!

கடிதத்தை அந்தப் பெண் பத்திரமாக வைத்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பேரன் அதை வெளி உலகத்துக்குக் காட்டினார். அப்போதுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது.

நிமிடத்துக்கு 1,440 படம்

கார்ட்டூன் படம் எப்படித் தயாராகிறது?

திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 1,440. "ஸ்நோ ஒயிட்" படம் 83 நிமிடம் ஓடுகிறது. பெருக்கிப் பாருங்கள். 1 லட்சத்து 19 ஆயிரத்து 520! ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிப்பது உண்டு. ஆனால் ஒரு காட்சியில் நாலைந்து உருவங்கள் வந்தால் ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டி இருக்கும்.

முதலில் ஓவியர் பென்சிலால் காகிதத்தில் வரைவார். கை எப்படி அசைய வேண்டும், கண் எப்படிச் சிமிட்ட வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்தான். அவர் ஆண்.

பிறகு அந்தக் காகிதத்தின் மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளை வைத்து, கோடு பிசகாமல் மையால் வரைய வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வண்ணம் நிரப்ப வேண்டும். பிறகு அதைக் காமிராவில் பிடிப்பார்கள். கோடு இழுப்பதும் வண்ணம் நிரப்புவதும் பெண்களின் வேலை.

இந்தப் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். கைரேகை படக்கூடாது என்பதற்காக வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு பொட்டு மை சிந்தினால் தாள் வீண்!

ஸ்நோ ஒயிட்டின் கன்னத்தில் இளஞ்சிவப்பு தெரியும். அது எப்படி வந்தது? பெயின்ட் பூசினால் திட்டுத் திட்டாக நின்றது. ஆகவே இந்தப் பெண்கள் சாயத்தைத் தொட்டு, ஒவ்வொரு தாளிலும் கையாலேயே கன்னத்துக்கு நிறம் கொடுத்தார்கள். தாளுக்குத் தாள் நிறம் கூடவோ குறையவோ கூடாது. கூடினால் திரையில் கன்னம் மின்மினிப் பூச்சி போல மினுக்கும்.

இது கற்பனை வேலை இல்லையாம்!

டிஸ்னியின் மனைவி லில்லியனே இந்தப் பிரிவுக்கு வேலைக்கு வந்தவர்தான். வாரச் சம்பளம் 15 டாலர். 1925-ல் முதலாளியையே மணந்துகொண்டார்.

ஸ்நோ ஒயிட்டுக்கு உடம்பு கொடுத்தவரும் ஒரு பெண்தான். மார்ஜ் பெல்ச்சர் என்ற நடன ஆசிரியரின் மகள். அவரை நடக்கச் சொல்லி, ஆடச் சொல்லி, ஓடச் சொல்லிப் படம் பிடித்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள். அவர் 101 வயது வரை வாழ்ந்து 2020-ல் காலமானார். குரல் கொடுத்தவர் ஆட்ரியானா காசெலோட்டி என்ற பாடகி.

உடல் ஒரு பெண்ணுடையது. குரல் இன்னொரு பெண்ணுடையது. கன்னத்துச் சிவப்பு நூறு பெண்களுடையது. படத்தில் இவர்களில் ஒருவர் பெயரைக்கூடப் போடவில்லை.

பெண்ணால் முடியாதா?

இத்தனைக்கும், "ஸ்நோ ஒயிட்" வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் முழு நீளக் கார்ட்டூன் படம் எடுத்துக் காட்டி இருந்தார்!

அவர் பெயர் லோட்டே ரைனிகர். ஜெர்மனிக்காரர். பெர்லின் நகரத்தை அடுத்த போட்ஸ்டாம் என்ற ஊரில், ஒரு கார் ஷெட்டின் மேல்மாடிதான் அவருடைய ஸ்டூடியோ. பென்சிலை அவர் நம்பவில்லை. கத்தரிக்கோலை நம்பினார். கறுப்பு அட்டையில் இளவரசன், இளவரசி, சூனியக்காரி, குதிரை என்று உருவங்களை வெட்டி எடுத்தார். கை, கால், கழுத்து எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிக் கம்பியால் கோத்தார். வெளிச்சம் விழும் கண்ணாடியின் மேல் படுக்க வைத்து, அணு அணுவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் பிடித்தார். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஆண்டு உழைப்பு. ஆயிரத்தொரு இரவுகளில் இருந்து எடுத்த கதை. "இளவரசன் அக்மதின் சாகசங்கள்" என்று பெயர். 1926-ல் திரைக்கு வந்தது. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் முழு நீளக் கார்ட்டூன் படங்களில் இதுதான் மிகப் பழையது.

அதற்கு 12 ஆண்டு கழித்துத்தான் ஹாலிவுட்டில் இருந்து அந்தக் கடிதம் போனது.

மிக்கிக்குப் பாவாடை கட்டினால் மின்னி!

ஆண்களே உட்கார்ந்து வரைந்தபோது பெண் எப்படி வந்தாள்?

மிக்கி எலியை வரையுங்கள். கண்ணுக்கு நீளமான இமை மயிர் போடுங்கள். காலில் உயர்ந்த செருப்பு மாட்டுங்கள். பாவாடை கட்டுங்கள். மின்னி எலி தயார்! ஆண் எலிக்குத் தனி அடையாளம் எதுவும் வேண்டாம். எலி என்றாலே ஆண். பெண் எலிக்குத்தான் அடையாளம் தேவைப்பட்டது.

1928-ல் வந்த ஒரு படத்தில் மிக்கி, மின்னியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. நடுவானில் முத்தம் கொடு என்று தொல்லை செய்கிறது. மின்னி கன்னத்தில் ஓர் அறை விட்டு விமானத்தில் இருந்து குதித்துவிடுகிறது! உள்ளாடையே பாரசூட்டாக விரிகிறது. அன்று அரங்கம் சிரித்தது. ஆனால் முதல் படத்திலேயே மின்னிக்கு அறையத் தெரிந்திருக்கிறது.

1930-ல் நியூயார்க்கில் இன்னொரு பெண் பிறந்தாள். பெட்டி பூப் என்று பெயர். பெரிய தலை, பெரிய கண், குட்டைப் பாவாடை. முதலில் அவளுக்கு நாய்க் காது இருந்தது. பிறகு காது தோடாக மாறி, முழுப் பெண்ணாகிவிட்டாள். 1934-ல் சினிமாவுக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. பெட்டியின் பாவாடை நீண்டது. பேச்சு அடங்கியது. அடக்கமாக வீட்டு வேலை பார்க்க ஆரம்பித்தாள்.

பெட்டி பூப்பை வரைந்தவர் கிரிம் நாட்விக் என்ற ஓவியர். பெண் உருவம் வரைவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கி இருந்தார். அவரையே டிஸ்னி அழைத்து வந்து ஸ்நோ ஒயிட்டை வரையச் சொன்னார். ஆட்டக்காரியை வரைந்த கையே அடக்கமான இளவரசியையும் வரைந்தது.

குப்பை எங்கிருந்து வந்தது?

ஸ்நோ ஒயிட் கதையை ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் முதலில் அச்சிட்டார்கள். பிறகு பல முறை திருத்தி வெளியிட்டார்கள். அந்தக் கதையையும் சினிமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

சினிமாவில் ஸ்நோ ஒயிட் காட்டில் ஓடி வந்து குள்ளர்களின் வீட்டுக்குள் நுழைகிறாள். வீடு ஒரே குப்பை. கழுவாத பாத்திரம், ஒட்டடை, அழுக்குத் துணி. உயிருக்குப் பயந்து ஓடி வந்த பெண் என்ன செய்கிறாள்? துடைப்பத்தை எடுக்கிறாள்! வீட்டைச் சுத்தம் செய்து வைத்தால் தங்க இடம் கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு. அணிலும் மானும் உதவிக்கு வருகின்றன.

கிரிம் சகோதரர்களின் கதையில் இந்தக் குப்பை கிடையாது. அதில் குள்ளர்களின் வீடு படு சுத்தம்! வெள்ளை விரிப்பு, சின்னச் சின்னத் தட்டு, வரிசையாகப் படுக்கை. ஏழு ஆண்களும் தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கதாநாயகி பெருக்க வேண்டும் என்பதற்காகவே சினிமாக்காரர்கள் குப்பையைக் கொண்டு வந்து கொட்டினார்கள்.

கிரிம் சகோதரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். தங்க வேண்டுமானால் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று அவர்களுடைய குள்ளர்களும் சொல்கிறார்கள். ஆனால் வாய்விட்டுச் சொல்கிறார்கள்; அவள் சம்மதிக்கிறாள். சினிமாவில் யாரும் கேட்பதற்கு முன்பே அவளாகவே ஆரம்பித்துவிடுகிறாள்.

முத்தக் காட்சியும் அப்படித்தான். இளவரசன் முத்தம் கொடுத்ததும் ஸ்நோ ஒயிட் கண் விழிப்பது சினிமாவில். கிரிம் கதையில் முத்தமே இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப் போகும் வேலைக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். குலுங்கிய வேகத்தில் தொண்டையில் சிக்கிய விஷ ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. பெண் எழுந்து உட்காருகிறாள்!

தூங்கினால் நல்லவள், எழுந்து நின்றால் கெட்டவள்!

1950-ல் "சிண்ட்ரெல்லா" வந்தது. 1959-ல் "தூங்கும் அழகி" வந்தது. தூங்கும் அழகிக்குச் செலவு 60 லட்சம் டாலர். படம் 75 நிமிடம். கதாநாயகி அரோரா திரையில் தோன்றுவது சுமார் 18 நிமிடம்தான். பாதிப் படத்துக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தூங்குகிறாள், முத்தம், எழுகிறாள், நடனம் ஆடுகிறாள். படம் முடிந்துவிடுகிறது!

அப்படியானால் 75 நிமிடமும் வேலை செய்பவர்கள் யார்? மூன்று வயதான தேவதைகள். இளவரசனைச் சிறையில் இருந்து மீட்பவர்கள் அவர்கள். கையில் வாளும் கேடயமும் கொடுப்பவர்கள் அவர்கள். பறவை நாகத்தைக் கொல்ல வாளுக்கு மந்திரம் போடுபவர்களும் அவர்களே. இளவரசன் வாளை வீசுகிறான். பெயர் அவனுக்கு!

எதிர்ப்பக்கம் நிற்பவளும் பெண்தான். மலேஃபிசென்ட் என்ற சூனியக்காரி. எடுப்பான குரல், நிமிர்ந்த நடை, நினைத்ததைச் செய்யும் துணிவு. இந்தப் படங்களில் இவை எல்லாம் கெட்டவளுக்கே உரியவை. ஸ்நோ ஒயிட்டின் மாற்றாந்தாய், சிண்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய், நாய்க்குட்டிகளின் தோலுக்கு ஆசைப்படும் குரூயெல்லா, கடல் சூனியக்காரி உர்சுலா என்று வரிசையாகப் பாருங்கள். திட்டம் போடுகிறவள் கெட்டவள். ஆட்சி செய்கிறவள் கெட்டவள். வயதாகிப் போனவள் பெரும்பாலும் கெட்டவள்.

பெற்ற தாய் எங்கே? செத்துப்போயிருப்பாள்! ஸ்நோ ஒயிட்டுக்குத் தாய் இல்லை. சிண்ட்ரெல்லாவுக்கு இல்லை. பிறகு வந்த ஏரியலுக்கு இல்லை, பெல்லுக்கு இல்லை, ஜாஸ்மினுக்கு இல்லை, போகஹான்டாசுக்கு இல்லை. மகளுக்குப் புத்தி சொல்ல ஒரு தாய் இருந்தால் இந்தக் கதைகள் பாதியில் முடிந்துவிடும் போல இருக்கிறது!

வேட்டை நாய் வரைந்த பெண்

கதவு முழுக்க அடைத்திருந்தது என்று சொல்வதற்கில்லை. சந்து கிடைத்த இடத்தில் சில பெண்கள் உள்ளே நுழைந்தார்கள்.

ரெட்டா ஸ்காட் என்ற பெண் 1938-ல் டிஸ்னியில் சேர்ந்தார். 1942-ல் வந்த "பாம்பி" படத்தில், பெண் மானை வேட்டை நாய்க் கூட்டம் பாறை வரை விரட்டும் ஒரு காட்சி உண்டு. பல்லைக் காட்டி, எச்சில் ஒழுக, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பாயும் நாய்கள். குழந்தைகள் முகத்தை மூடிக்கொள்வார்கள். அந்த நாய்களை வரைந்தவர் சின்ன உருவமுள்ள இந்த ரெட்டா ஸ்காட். ஓவியர் என்று டிஸ்னி படத்தில் பெயர் போடப்பட்ட முதல் பெண் இவர்.

பெண்ணுக்குப் பூவும் குருவியும்தான் வரும் என்று நினைத்தவர்கள் அந்த நாய்களைப் பார்த்திருக்க வேண்டும்.

மேரி பிளேர் என்ற இன்னொரு பெண், "சிண்ட்ரெல்லா", "ஆலிஸ்", "பீட்டர் பான்" படங்களுக்கு எந்தக் காட்சியில் என்ன வண்ணம் வர வேண்டும் என்று மாதிரி ஓவியங்கள் தீட்டினார். இன்றைக்கும் ஓவியம் படிப்பவர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள்.

கோடு இழுத்த பெண்கள் என்ன ஆனார்கள்? 1961-ல் வந்த "101 டால்மேஷியன்கள்" படத்துக்கு டிஸ்னி கம்பெனி ஜெராக்ஸ் யந்திரத்தைக் கொண்டு வந்தது. பென்சில் கோட்டை யந்திரமே தாளில் பதித்துவிட்டது. கையால் மை தீட்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லாமல் போயிற்று. உடம்பெல்லாம் புள்ளி உள்ள நூற்றுக்கு மேற்பட்ட நாய்க்குட்டிகளைக் கையால் பிரதி எடுப்பது கட்டுப்படியாகாது என்பது கம்பெனியின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் முப்பது ஆண்டு பழகிய கை என்ன செய்யும்?

குரலை விற்றவள்

1989-ல் "குட்டிக் கடல்கன்னி" வந்தது. கதாநாயகி ஏரியல். துறுதுறுப்பானவள், அப்பா சொன்னதைக் கேட்காதவள், நீந்தித் திரிகிறவள். புதிய பெண் வந்துவிட்டாள் என்று எல்லாரும் கொண்டாடினார்கள்.

ஆனால் கதை என்ன? காதலனுக்காக ஏரியல் தன் குரலை விற்றுக் கால் வாங்குகிறாள். அதன் பிறகு படத்தில் வெகு நேரம் ஊமை!

2016-ல் கார்மென் ஃபாட், கரேன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழி ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று வார்த்தை வார்த்தையாக எண்ணினார்கள். முடிவு அவர்களையே திகைக்க வைத்தது.

பழைய "ஸ்நோ ஒயிட்" படத்தில் பாதிப் பேச்சு பெண்களுடையது. "சிண்ட்ரெல்லா"வில் 60 சதவீதம். "தூங்கும் அழகி"யில் 71 சதவீதம். தூங்கியவள் பேசாவிட்டாலும் தேவதைகளும் சூனியக்காரியும் பேசினார்கள். புதுமைப்பெண் ஏரியலின் படத்தில்? 32 சதவீதம்தான்! 1992-ல் வந்த "அலாவுதீன்" படத்தில் 90 சதவீதம் ஆண் பேச்சு.

"முலான்" கதையைக் கேளுங்கள். வயதான தகப்பனுக்குப் பதிலாக ஆண் வேடம் போட்டுப் போருக்குப் போய், சீனாவையே காப்பாற்றிய பெண். 1998-ல் வந்த அந்தப் படத்திலும் 77 சதவீதம் ஆண்களின் பேச்சு. அவளுக்குத் துணையாக ஒரு குட்டிப் பறவை நாகம் வருகிறது. அது ஆண். அது முலானைவிட அதிகமாகப் பேசுகிறது!

காரணம் சதி ஒன்றும் இல்லை. பழக்கம்தான். கதாநாயகி ஒருத்தி பெண். மற்றபடி கடைக்காரன் ஆண், சிப்பாய் ஆண், குடிகாரன் ஆண், பேசும் நண்டு ஆண், பேசும் கடிகாரம் ஆண். தேநீர்க் கெண்டி பெண். அது சமையற்கட்டில் இருப்பதால்!

அந்த ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் எண்ணினார்கள். படத்தில் பெண்ணுக்குக் கிடைக்கும் பாராட்டு எதற்காக? பழைய மூன்று படங்களில் 55 சதவீதம் பாராட்டு அழகுக்கு. திறமைக்கு 11 சதவீதம். அண்மைப் படங்களில் அழகுக்கு 22 சதவீதம். திறமைக்கு 40 சதவீதம். இது மட்டும் நல்ல பக்கமாகத் திரும்பி இருக்கிறது.

கேக்கும் தேசப்படமும்

டிஸ்னி கார்ட்டூன் படத்துக்குக் கதை வசனம் எழுதிய முதல் பெண் லிண்டா வுல்வர்டன். 1991-ல் வந்த "அழகியும் அசுரனும்" அவர் எழுதியது. ஆஸ்கார் பரிசில் சிறந்த படத்துக்கான போட்டியில் இடம் பெற்ற முதல் கார்ட்டூன் படம் அது.

கதாநாயகி பெல் ஒரு கிராமத்துப் பெண். வெளி உலகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவள். அந்த ஆசையைக் காட்ட லிண்டா ஒரு காட்சி எழுதினார். பெல் தன் அறையில் தேசப்படத்தின் முன் நின்று, போக விரும்பும் ஊர்களில் எல்லாம் குண்டூசி குத்துகிறாள்.

எழுத்து, வரைகிறவர்களின் அறைக்குப் போய்ப் படமாகத் திரும்பி வந்தது. பார்த்தால், தேசப்படத்தைக் காணோம். குண்டூசியைக் காணோம். பெல் சமையல் அறையில் நின்று கேக்குக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள்!

லிண்டா விடவில்லை. கேக் அலங்காரம் செய்யும் பெண் அல்ல இவள் என்று சண்டை போட்டார். கடைசியில் இரு தரப்பும் ஒரு சமாதானத்துக்கு வந்தன. தேசப்படமும் வேண்டாம், கேக்கும் வேண்டாம், அவள் புத்தகம் படிக்கட்டும். இன்று உலகம் முழுவதும் பெல் என்றால் கையில் புத்தகத்தோடு நடந்து வரும் பெண்தான். அந்தப் புத்தகம் ஒரு கேக்கை விரட்டிவிட்டு வந்தது!

12 படம் கழித்து ஒரு பெண்

பிக்ஸார் என்ற கம்பெனி 1995-ல் கம்ப்யூட்டரில் முழு நீளப் படம் எடுத்து வழி காட்டியது. பொம்மை, எறும்பு, மீன், கார், எலி என்று அடுத்தடுத்துப் படங்கள். எல்லாம் வெற்றி. பெண் கதாநாயகி எப்போது வந்தாள்? 13-வது படத்தில்! 2012-ல் வந்த "பிரேவ்" அது. காருக்குக்கூட அதற்கு முன்பே முறை வந்துவிட்டது.

"பிரேவ்" கதையை உருவாக்கியவர் பிரெண்டா சாப்மன். தனக்கும் தன் மகளுக்கும் நடக்கும் வாக்குவாதங்களில் இருந்தே கதை பிறந்தது என்றார். ஸ்காட்லாந்து நாட்டு இளவரசி மெரிடா. சிலும்பி நிற்கும் செம்பட்டைத் தலைமுடி, தோளில் வில். அவளை மணக்கப் போட்டியிட மூன்று வாலிபர்கள் வருகிறார்கள். போட்டியில் அவளே இறங்கி, அம்பு எய்து, தன்னைத் தானே வென்றுவிடுகிறாள்! இந்தக் கதையில் தாய் சாகவில்லை. தாயும் மகளும் சண்டை போட்டுச் சமாதானம் ஆவதுதான் கதையே.

பிக்ஸார் படத்துக்கு டைரக்டரான முதல் பெண் சாப்மன். ஆனால் 2010-ல், பாதிப் படத்தில், அவரிடம் இருந்து படத்தைப் பிடுங்கி மார்க் ஆண்ட்ரூஸ் என்பவரிடம் கொடுத்தார்கள். தன் மகளின் கதையைத் தன் கையில் இருந்து எடுத்தது சாப்மனைப் பெரிதும் வாட்டியது. 2013-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தபோது இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள்.

அத்தோடு முடியவில்லை. அதே 2013-ல் மெரிடாவை டிஸ்னி இளவரசிகள் வரிசையில் சேர்த்தார்கள். பொம்மை, பாவாடை, பள்ளிக்கூடப் பை எல்லாம் விற்பதற்கான வரிசை இது. அதற்காக வெளியிட்ட படத்தில் மெரிடாவின் இடை சிறுத்திருந்தது. முடி படிந்திருந்தது. தோள் தெரியும் பளபளப்பான உடை. வில்லைக் காணோம்!

சாப்மன் கொதித்துப் போனார். பகிரங்கமாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்டார்கள்.

சிஹிரோவும் தரை துடைக்கிறாள்

பெண் வரைந்தால்தான் பெண் சரியாக வருவாள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜப்பானில் ஹயாவோ மியாசாகி என்று ஒரு டைரக்டர் இருக்கிறார். ஆண்தான். 1984 முதல் அவர் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் சிறுமிகளும் இளம்பெண்களுமே முன் நிற்கிறார்கள்.

2001-ல் அவர் எடுத்த "ஸ்பிரிட்டட் அவே" படத்தின் நாயகி சிஹிரோ. வயது 10. அழகி இல்லை, இளவரசி இல்லை, ஒட்டிய கன்னம் இல்லை, உப்பிய கன்னம். மியாசாகி தன் நண்பரின் 10 வயது மகளைப் பார்த்து, இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஏற்ற படம் எதுவும் இல்லையே என்று எண்ணி எடுத்த படம். தாயும் தந்தையும் சூனியத்தால் பன்றிகளாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்க, ஆவிகள் குளிக்க வரும் விடுதியில் சிஹிரோ வேலைக்குச் சேர்கிறாள். அங்கே அவள் தரை துடைக்கிறாள். அழுக்குத் தொட்டி தேய்க்கிறாள்.

ஸ்நோ ஒயிட்டும் துடைத்தாள். ஆனால் யாராவது வந்து தூக்கிப் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். சிஹிரோ கூலிக்கு வேலை செய்கிறாள். ஏமாற்ற வருகிறவர்களை எதிர்த்து நிற்கிறாள். பெற்றோரை அவளே மீட்டுப் போகிறாள். துடைப்பத்தின் மேல் குற்றம் இல்லை.

குழந்தைகள் என்ன ஆகிறார்கள்?

இதைப் பார்க்கும் குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் பெற்றோரின் கவலை.

அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா காய்ன் என்ற பேராசிரியை 198 குழந்தைகளைக் கவனித்தார். முடிவு 2016-ல் வெளிவந்தது. இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் மிகவும் மூழ்கிய சிறுமிகள், ஓர் ஆண்டுக்குப் பிறகு, இது பெண்ணுக்கு உரியது, அது ஆணுக்கு உரியது என்ற பழைய வட்டத்துக்குள் அதிகம் ஒதுங்கி இருந்தார்கள். செய்தி பரவியது. இளவரசிப் பொம்மைகளைத் தூக்கிப் பரணில் போடலாமா என்று பெற்றோர்கள் யோசித்தார்கள்.

காய்ன் விடாமல் தொடர்ந்தார். ஐந்து ஆண்டு கழித்துக் குழந்தைகளை மீண்டும் பார்த்தார். 2021-ல் வந்த முடிவு நேர் எதிராக இருந்தது! சின்ன வயதில் இளவரசிகளை மிகவும் விரும்பிய குழந்தைகள், 10, 11 வயதில், ஆணும் பெண்ணும் சமம் என்ற எண்ணத்தை மற்றவர்களைவிட அதிகமாகக் கொண்டிருந்தார்கள். பையன்களும்கூட!

இது எப்படி? இளவரசிப் படங்களில் கதை ஒரு பெண்ணைச் சுற்றியே நடக்கிறது. அவளுடைய ஆசைக்கும் துக்கத்துக்கும் மதிப்பு இருக்கிறது. வேறு பல படங்களில் அதுகூட இல்லை. இது ஒரு விளக்கம். புதிய படங்களில் வரும் இளவரசிகள் மாறிவிட்டார்கள் என்பதும் உண்மை.

அக்காள் தங்கை

அந்த மாற்றத்துக்கு நடுநாயகமாக நிற்பது 2013-ல் வந்த "ஃப்ரோஸன்". எல்சா, அன்னா என்று இரண்டு சகோதரிகள். அன்னா உறைந்து போகிறாள். உண்மை அன்பு ஒன்றுதான் அவளைக் காப்பாற்றும். ஒரு வாலிபன் ஓடி வருகிறான். முத்தம்தான் மருந்து என்று அரங்கமே காத்திருக்கிறது. ஆனால் அன்னா அவன் பக்கம் போகவில்லை. வாள் வெட்டுக்கு முன்னால் பாய்ந்து தன் அக்காளைக் காப்பாற்றுகிறாள். அந்த அன்புதான் மருந்தாகிறது.

கதை வசனம் எழுதி, கிறிஸ் பக் என்பவரோடு சேர்ந்து டைரக்ட் செய்தவர் ஜெனிஃபர் லீ. முழு நீள டிஸ்னி கார்ட்டூன் படத்தை டைரக்ட் செய்த முதல் பெண். படம் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இரண்டு கதாநாயகிகள் உள்ள அந்தப் படத்திலும், எண்ணிப் பார்த்தபோது, பெண்களின் பேச்சு 41 சதவீதம்தான் தேறியது. பனிப் பொம்மைக்கு வாய் நீளம்!

2018-ல் டிஸ்னி கார்ட்டூன் ஸ்டூடியோவின் படைப்புத் தலைமைப் பதவி ஜெனிஃபர் லீக்குக் கிடைத்தது. என்ன படம் எடுப்பது, யார் எடுப்பது என்று முடிவு செய்யும் நாற்காலி. ஆறு ஆண்டு அதில் இருந்தார். 2024-ல் அதை விட்டுவிட்டு மீண்டும் எழுதவும் டைரக்ட் செய்யவும் போய்விட்டார். கையில் எடுத்திருப்பது "ஃப்ரோஸன்" மூன்றாம் பாகம்.